வழக்குக் கட்டு யார் சொத்து?

பத்தரை மணிக்கு மன்றம் கூடும். ஒன்பது மணிக்கே சைதாப்பேட்டைக் கோர்ட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மாம்பலத்திலிருந்து வந்தவர் ஒருவர், அடையாற்றிலிருந்து வந்தவர் ஒருவர், கிண்டியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த தாய் ஒருத்தி. வக்கீல் வருவாரா, வாய்தா விழுமா, இன்றைய கூலி போயிற்றே என்ற கவலை அவர்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கூட்டத்திலே ஒரு தோழரை எண்ணிப் பாருங்கள்.

ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மறியலில் நின்றார். கைதானார். வழக்குப் பதிவாயிற்று. வாய்தா வாய்தாவாக நடந்தார். கடைசியில் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, விடுதலை என்று நடுவர் சொன்னார். தோழர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றோடு அதை மறந்தும் விட்டார். இன்று அவருக்கு வளைகுடா நாட்டில் ஓட்டுநர் வேலை வந்திருக்கிறது. போலீஸ் சரிபார்ப்பிலே பழைய குற்ற எண் தலைகாட்டுகிறது. "விடுதலையாகிவிட்டேன்" என்கிறார் தோழர். "தீர்ப்பு நகல் எங்கே?" என்கிறார்கள். நகல் இல்லை. வழக்கு எண் நினைவில் இல்லை. அன்று வாதாடிய வக்கீல் இன்று உயிரோடு இல்லை. கோர்ட்டு ஜன்னலில் போய் நின்றால், "எண் கொண்டு வா" என்கிறார்கள். வாசலில் நிற்கும் ஒருவர், "எண்ணும் எடுத்துத் தருகிறேன், நகலும் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று காதோடு சொல்கிறார்.

நீதிமன்றம் விடுவித்த மனிதனைக் காகிதம் விடவில்லை! இது ஒரு தோழரின் கதையல்ல. மறியலுக்குப் போனவர், வேலைநிறுத்தத்தில் நின்றவர், தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டவர் என்று உழைக்கும் வர்க்கத்தில் எத்தனையோ பேரின் கதை. ஆகவேதான் கேட்கிறோம்: அந்த வழக்குக் கட்டு யாருடைய சொத்து? அதைக் கட்டி வைத்திருக்கும் குமாஸ்தாவின் சொத்தா? எழுதிய போலீசாரின் சொத்தா? இல்லை, அது நாட்டு மக்களின் சொத்து.

இது மேடைக்காகச் சொல்லும் பேச்சல்ல. குற்ற விசாரணை நடக்கும் இடம் திறந்த மன்றம் என்றும், பொதுமக்கள் அங்கே வந்து கேட்கலாம் என்றும் சட்டமே கூறுகிறது. திறந்த கதவுக்குள் நடந்தது எழுத்தில் ஏறியதும் பூட்டிய பீரோவுக்குள் போய்விடுவது என்ன நியாயம்?

நம் தென்சென்னைக்கே தொடர்புடைய வழக்கு ஒன்று உண்டு. திருவான்மியூர்ப் பக்கம் ஆட்டம் போட்ட ஆட்டோ சங்கரை நாடறியும். கொலைக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோது அவன் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிட 'நக்கீரன்' ஏடு முன்வந்தது. அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த உறவை அதில் சொல்லியிருக்கிறான் என்ற பேச்சு எழுந்தது. சிறை அதிகாரிகள் அச்சிடக்கூடாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: வெளியிடும் முன்பே தடை போட அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை கிடையாது, ஒரு செய்தி பொது ஆவணத்தில் ஏறிவிட்டால், நீதிமன்ற ஆவணமும் அதில் அடக்கம், அதன் பேரில் எழுதுவதைக் குற்றம் சொல்ல முடியாது, மானபங்கம் போன்ற கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் வெளிவரக்கூடாது. 1995 ஏப்ரலில் சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் கதை அன்றோடு முடிந்தது. அவன் வழக்கில் பிறந்த உரிமை மட்டும் இந்தியா முழுவதிலும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இனி, உரிமை எந்தப் படியில் தொடங்குகிறது என்று பார்ப்போம்.

முதல் படி, முதல் தகவல் அறிக்கை. எப்.ஐ.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பிடித்துக்கொண்டு போய்த் தண்டிக்கக் கூடிய குற்றம் என்று புகார் காட்டினால் அதைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று 2013 நவம்பரில் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த தலைமை நீதிபதி சதாசிவம். ஆனால் நம் ஊர் ஸ்டேஷனில் நடப்பது என்ன? புகார் கொடுத்தவர் கையில் சி.எஸ்.ஆர். என்ற ரசீதைத் தந்து அனுப்பிவிடுவது வாடிக்கை. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்குச் சீட்டு. அது வழக்கல்ல. குற்ற எண் விழுந்தால்தான் வழக்கு. இந்த வேற்றுமையை ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு தோழரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பதிவான அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் காசு வாங்காமல் தரவேண்டும் என்பது சட்டம்.

குற்றம் சாட்டப்பட்டவன் நிலை என்ன? அவனுக்கும் உரிமை உண்டு. 2016 செப்டம்பர் 7 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் நாகப்பனும் தந்த தீர்ப்பைக் கேளுங்கள். நாகப்பன் அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். தன்மீது அறிக்கை பதிவாகியிருக்கலாம் என்று ஐயம் கொண்டவர் உரிய கட்டணம் கட்டி ஸ்டேஷனில் மனுச் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும். அறிக்கை மாஜிஸ்திரேட் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மன்றத்தில் மனுச் செய்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும். இதற்கும் மேலாக, பதிவான 24 மணி நேரத்துக்குள் அறிக்கையைப் போலீசாரின் இணையப் பக்கத்தில் ஏற்றவேண்டும். இணைப்புக் கோளாறு இருந்தாலும் 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம், பயங்கரவாதம் போன்றவை மட்டும் விலக்கு. ஏற்றாமல் விடுவதானால் அதைத் தீர்மானிப்பவர் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறைந்தவராக இருக்கக்கூடாது. 2016 நவம்பர் 15 முதல் இது நடைமுறைக்கு வரவேண்டும் என்று நாளும் குறித்தார்கள்.

நம்மிலே எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, குற்ற எண் ஆகியவற்றைக் கொடுத்து அறிக்கையைப் பார்க்கலாம் என்பதை எத்தனை பேர் செய்து பார்த்திருக்கிறோம்? கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றும் இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பையனை எங்கே கொண்டு போனார்கள் என்று தாய் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நம் பகுதி ஸ்டேஷனில் அந்தப் பலகை இருக்கிறதா? போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாம் படி, எண்ணைக் கண்டுபிடிப்பது. வழக்குக்கு ஒரே ஓர் எண் இருப்பதாக நினைப்பதுதான் பலர் தடுமாறும் இடம். ஸ்டேஷனில் இருப்பது குற்ற எண். குற்றப்பத்திரிகை வந்து மாஜிஸ்திரேட் கோப்பில் ஏற்றிக்கொண்டதும் அதற்கு சி.சி. எண் விழும். கொலை, கொள்ளை போன்ற பெரிய வழக்கானால் முதலில் பி.ஆர்.சி. எண், பிறகு அது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் எஸ்.சி. எண் பெறும். சைதாப்பேட்டையில் தொடங்கிய கொலை வழக்கின் கட்டைச் சைதாப்பேட்டையிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. அது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கும். இந்தத் தடம் தெரியாததால்தான் வாசலில் நிற்பவர் "எண் எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்க முடிகிறது.

இன்று அந்த எண்ணைத் தேட யாரிடமும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் சேவையில் கட்சிக்காரர் பெயராலும் ஆண்டாலும் தேடலாம். ஸ்டேஷன் பெயரையும் குற்ற எண்ணையும் கொடுத்தும் தேடலாம். வழக்கு ஒவ்வொன்றுக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்கக் குறியீடு உண்டு. அதை ஒருமுறை குறித்துக்கொண்டால், வழக்கு எந்த மன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்று, என்ன உத்தரவு என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள கடைகளிலே வேலை செய்யும் தோழர்களுக்கு இது மிகவும் வேண்டியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் வந்து தியாகராயர் பெயர் தாங்கிய நகரிலே நின்றுகொண்டே நாளைக் கழிப்பவர்கள் அவர்கள். ஊரிலே வரப்புத் தகராறில் பெயர் சேர்ந்திருக்கும். கட்டு இருப்பது ஊர்ப்பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில். ஆள் இருப்பது மாம்பலத்தில். சம்மன் போனது தெரியாது. பிடிவாரண்டு பிறந்ததும் தெரியாது. ஒரு நாள் போலீஸ் வந்து நிற்கும்போதுதான் தெரியும். மாம்பலத்தில் இருந்தபடியே வழக்கின் நிலையைப் பார்த்து, ஊரிலுள்ள வக்கீலுக்குச் செய்தி அனுப்பியிருந்தால் அந்த வாரண்டைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் காண்பது தகவல் மட்டுமே. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பாஸ்போர்ட் ஆபீசில் நீட்டினால் ஏற்கமாட்டார்கள். சான்றிட்ட நகல்தான் செல்லும். பழைய வழக்குகள் பல இணையத்தில் ஏறியிருக்கவும் இல்லை. அதற்குக் கோர்ட்டுப் பதிவேட்டைத்தான் நாடவேண்டும். வழக்குக் கட்டுகளை என்றென்றும் வைத்திருக்கவும் மாட்டார்கள். விதிப்படி காலம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஆகவே விடுதலை என்ற சொல் காதில் விழுந்த அந்த வாரமே நகலுக்கு மனுப் போடுங்கள். பத்தாண்டு கழித்துத் தேடாதீர்கள்.

மூன்றாம் படி, கேட்டு வாங்குவது. வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு நகல் பெறுவது உரிமை. நகல் மனுவில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், எந்த ஆவணம், எந்தத் தேதி என்று எழுதி, கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தரவேண்டும். விசாரணைக்கு வரும் எதிரிக்குக் குற்றப்பத்திரிகை நகலும் சாட்சிகளின் வாக்குமூல நகல்களும் இலவசம். புதிய சட்டத்தின்படி அவர் மன்றத்தில் நின்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தரவேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் இருந்தால் அவருக்கும் தரவேண்டும். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீசார் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயரைச் சொல்லவே தமிழன் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பெயரை வைத்தவர்களோடு நமக்குள்ள வழக்கு தனி. அதிலே நமக்குள்ள உரிமையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

வழக்கில் சம்பந்தப்படாதவர் கேட்டால்? அவருக்கும் கதவு அடைபடவில்லை. ஆனால் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லி மனுவும் பிரமாணமும் தாக்கல் செய்து, மன்றத்தின் அனுமதி பெறவேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி வாங்கிவிடலாமே என்று சிலர் எண்ணுகிறார்கள். குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. நீதிமன்றத்துக்கென்று நகல் விதி இருக்கும்போது அந்த விதிப்படியே கேட்கவேண்டும் என்று தீர்ப்பை எழுதியவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி பானுமதி. குற்றப்பத்திரிகைகளை இணையத்தில் எல்லோரும் காணும்படி ஏற்றவேண்டும் என்று கேட்ட வழக்கும் 2023 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் ஆகாது என்றார்கள். இவற்றைத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மாவட்டத்துக்கு ஒப்பான கவுண்டி ஒவ்வொன்றிலும் கோர்ட்டுக் குமாஸ்தாவின் ஆபீசு இருக்கிறது. பட்டிக்காட்டுக் கவுண்டியானாலும் பொதுமகன் போய்க் குற்ற வழக்குக் கட்டைக் கேட்டுப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். ஏன் என்று பொதுவாகக் கேட்பதில்லை. நீதிமன்ற ஆவணத்தைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்பதை, முன்னாள் ஜனாதிபதி நிக்சன் சம்பந்தப்பட்ட வழக்கிலே 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அந்த உரிமைக்கும் எல்லை உண்டு என்றும் சொன்னது. நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர் பெயர் பட்ட ஆவணத்துக்கே அந்த நியாயம் என்றால், நம் ஊர்த் தொழிலாளி தன் சொந்த வழக்கின் தீர்ப்பைப் பெற ஏன் கெஞ்ச வேண்டும்?

கட்டு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் படிக்க முடிகிறதா? மயிலாப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் பெயர்பெற்ற வக்கீல்கள் ஒரு காலத்தில் குடியிருந்த இடம் அது. லஸ் முனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நொச்சிக்குப்பம். சட்டத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் வாழ்ந்த ஊரிலேயே, தன்மேல் எழுதியிருப்பது என்னவென்று புரியாமல் கையெழுத்துப் போட்ட மீனவன் வாழ்ந்தான். அந்தத் தூரம் இன்னும் குறையவில்லை.

1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. 1976-இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் கீழ் நீதிமன்றங்களிலும் தமிழுக்கு இடம் வந்தது. ஆனால் ஏடுகளிலே இருப்பது எழுத்தாகவே இருக்கிறது. தீர்ப்பின் பக்கங்களைப் புரட்டினால் ஆங்கிலமே கண்ணில் படுகிறது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக் கூட்டம் அதை ஏற்கவில்லை. இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் உயர் நீதிமன்றத்தில் இந்திக்கு இடம் உண்டு. இந்திக்கு ஒரு நீதி, தமிழுக்கு ஒரு நீதியா?

அந்தப் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். சட்டம் இன்றே தரும் ஒன்றைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். தண்டிக்கப்பட்டவர் விரும்பினால், இயன்ற வரையில் அவர் மொழியிலோ, அல்லது மன்றத்தின் மொழியிலோ தீர்ப்பின் மொழிபெயர்ப்பைத் தரவேண்டும். அவர் அப்பீல் செய்யக்கூடிய தீர்ப்பானால் இலவசமாகத் தரவேண்டும். பழைய சட்டத்திலும் இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. கேட்டவர் எத்தனை பேர்? "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று மனுவில் ஒரு வரி எழுதினால் போதும். ஆயிரம் பேர் எழுதினால் அந்த ஒரு வரியே ஓர் இயக்கமாகிவிடும்.

கட்டு எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று கூறும் நாம், அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். சிறுவர் மீதான வழக்கைப் பின்னாளில் தூக்கிப் பிடித்து அவன் வாழ்வை அழிக்கக்கூடாது. அந்த ஆவணம் உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும் என்பதே பொது விதி. கொடிய குற்றத்துக்கு மட்டும் விலக்கு. எதிரியின் குடும்பத்தை அவமானப்படுத்த வழக்குக் கட்டைத் தேடுபவன் தோழனல்லன், வம்பன்.

விடுதலையானவரின் மானமும் ஒரு கேள்வி. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட பின்னும் இணையத்தில் பெயரைத் தட்டினால் வழக்கே முதலில் வந்து நிற்கிறதே என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை நீக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை எப்படி மறைப்பது என்பது ஒரு பக்கம். விடுதலையானவன் காலமெல்லாம் குற்றவாளியாக நிற்பதா என்பது மறுபக்கம். நம் கருத்து இது: தீர்ப்பை மறைப்பதை விட, விடுதலை என்ற சொல் கைது என்ற சொல்லைப் போலவே எளிதாகக் கிடைக்கச் செய்வதே தொழிலாளிக்குப் பாதுகாப்பு. கைதான செய்தி ஒரு நாளில் ஊரெல்லாம் பரவுகிறது. விடுதலைத் தீர்ப்பு மட்டும் ஏன் கட்டுக்குள்ளேயே கிடக்கவேண்டும்?

சிறியவன் கட்டைப் பற்றிப் பேசியாயிற்று. பெரியவர்கள் கட்டைப் பற்றியும் பேசவேண்டும். தேர்தலில் நிற்பவர் தன்மேலுள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணத்தில் சொல்லவேண்டும் என்பது 2002-இல் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை. 2020 பிப்ரவரியில், வழக்குள்ள ஒருவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சிகளே காரணத்தோடு வெளியிட வேண்டும் என்றது. மாற்றுக் கட்சியான் பிரமாணத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு நம் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மையன்று. பிரமாணத்தில் இருப்பது அவரே சொன்னது. அது மெய்யா என்பதைக் காட்டுவது வழக்குக் கட்டு. மக்களுக்காகச் சிறை சென்றதால் வந்த வழக்கு எது, மக்களைச் சுரண்டியதால் வந்த வழக்கு எது என்று பிரித்துக் காட்டுவதும் அதே கட்டுத்தான். நெஞ்சில் உரமுள்ள கட்சிக்கு அதனால் அச்சம் ஏது?

இன்னொன்று. வழக்குகள் வாபஸ் என்று ஆட்சியாளர்கள் அறிவிக்கும்போது கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர் திரண்டதும், 23-ஆம் நாள் அது கலைக்கப்பட்டபோது நடுக்குப்பத்தில் நடந்த கொடுமையும் நாம் மறந்தவையல்ல. அப்போது போடப்பட்ட வழக்குகளில் போலீசாரைத் தாக்கியது போன்றவை நீங்கலாக மற்றவை திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் அறிவிப்பால் மட்டும் வழக்கு முடிவதில்லை. அரசு வக்கீல் மனுச் செய்து, மன்றம் இசைந்து உத்தரவு போட்டால்தான் வழக்கு முடியும். அந்த உத்தரவின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா? பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன் என்றால், பாஸ்போர்ட் ஆபீசு அதை ஏற்காது. வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு மன்ற அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காகிதமே காப்பாற்றும்.

ஆட்சியில் இருப்பவர் எவரானாலும் அவர்களிடமும் நீதித்துறையிடமும் நாம் கேட்பது சிலதான். சைதாப்பேட்டையிலும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கோர்ட்டு வளாகத்திலும், எண் தேடித் தரும் உதவி மேசை ஒன்று வையுங்கள்; அதற்குக் கட்டணம் வேண்டாம். நகல் மனுவைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். கட்டணம் இவ்வளவு, நாள் இத்தனை என்று பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். பலகை உள்ள இடத்தில் தரகன் நிற்கமாட்டான். விடுதலை செய்யப்படுபவருக்கும், தண்டிக்கப்பட்டவருக்குத் தருவது போலவே, அன்றே இலவச நகல் கொடுங்கள். குற்றவாளி என்று தீர்ந்தவனுக்கு இலவசம், குற்றமற்றவன் என்று தீர்ந்தவனுக்குக் கட்டணமா? இந்த ஒரு திருத்தம் வந்தால், முதலில் சொன்ன ஆட்டோத் தோழரின் கண்ணீர் நின்றுவிடும்.

கோரிக்கை வைத்ததோடு நம் வேலை முடிந்துவிடாது. தோழர்களே, நம் படிப்பகங்களில் நாளேடு படிக்கிறோம். உலகச் செய்தி பேசுகிறோம். அங்கே ஒரு மேசையை இதற்கு ஒதுக்குங்கள். இணையத்தில் தேடத் தெரிந்த இளைஞர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை அங்கே உட்காரட்டும். வருபவரின் குற்ற எண், ஸ்டேஷன், வழக்கு எண், சி.என்.ஆர்., அடுத்த வாய்தா ஆகியவற்றை எழுதி அவர் கையிலேயே கொடுங்கள்; அடுத்தவர் வழக்கை ஊருக்குச் சொல்லாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணையம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் மட்டுமல்ல, ஆலைத் தொழிலாளியும் இலவச உதவிக்கு உரியவர். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். இது பிச்சையன்று, சட்டம் தந்தது.

மன்றத்திலே நீதிபதி விடுதலை என்று சொன்னது உழைப்பாளியின் காதில் விழுந்தது. அது அவன் கைக்கும் வந்து சேரவேண்டும், அவனுக்குப் புரியும் தமிழிலே, தரகன் கையில் ஒரு காசும் வைக்காமல். நாளையே போங்கள். உங்கள் பழைய வழக்கின் எண்ணைத் தேடுங்கள். நகல் மனுவை எழுதுங்கள். கட்டு நம்முடையது; கேட்டு வாங்குவோம்!